வேகவைத்த குழாய்

இரண்டு குழாய்களின் மூடிகளையும் ஒன்றாகத் திறந்தேனா, அல்லது ஒன்றைத் திறந்து மூடிவிட்டுத்தான் மற்றதைத் தொட்டேனா? ஒரு மாதத்துக்கு முந்தைய சங்கதி. யாரிடம் போய்க் கேட்பது? அன்றைக்கு இந்த மேஜையில் இருந்தது நான் ஒருத்திதான், எனக்கே தெரியவில்லை என்றால் உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. மணி பத்து ஐம்பத்தைந்து. ஜெல்லில் மின்சாரம் விட்டு ஐந்து நிமிடம் ஆகிறது, இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும், அதுவரை இந்த ஸ்டூலில் உட்கார்ந்து இதையே அரைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தொட்டியின் மேல் ஏ4 தாள் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்திருக்கிறேன், புரதத்தில் கோத்த ஒளிரும் சாயம் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். பெட்டிக்குள் இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே மெல்லிய ஜெல், மின்சாரம் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து அதன் வழியே கீழே இழுக்கும். அதில் எனக்கு வேண்டியது இரண்டு தடங்கள். இடது தடத்தில் உயிர்ப்போடு இருக்கிற புரதம், வலது தடத்தில் பத்து நிமிடம் கொதிநீரில் வேகவைத்த அதே புரதம். இடது ஒளிர வேண்டும், வலது இருட்டாகக் கிடக்க வேண்டும். போன மாதம் அப்படித்தான் வந்தது. படமெடுத்தேன், அந்தப் படம் கட்டுரையில் நான்காவது படமாக ஏறிவிட்டது, இன்று நாலு மணிக்கு வேதநாயகி மேடம் திருத்திய கட்டுரையை ஆய்விதழுக்குத் திரும்ப அனுப்பப்போகிறார். மேடம் என் வழிகாட்டி, அடுத்த அறையில்தான் இருக்கிறார், நான் இங்கே அதே சோதனையைத் திரும்ப ஓட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. கேட்டால் சும்மாதான் மேடம் என்பேன். சும்மா யாராவது ஜெல் ஓட்டுவார்களா?

ரீகன் என் வேலையைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் ஒரு வரியில் சொல்லிவிடுவார். "மண்ணுல இருக்க கிருமிக்குத் தூண்டில் போடுதா." கட்டிக்கொண்ட ஒன்பது வருஷத்தில் என் கணவர் சொன்னதிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான். உண்மையில் அதேதான் செய்கிறேன். ஒரு மண் பாக்டீரியாவுக்குள் ஆறாயிரம் புரதம் என்றால், அதில் இரண்டாயிரத்துக்கு என்ன வேலை என்று எவருக்கும் தெரியாது. பட்டியலில் பெயர் இருக்கும், எதிரே 'செயல் அறியப்படவில்லை' என்று போட்டிருக்கும். அதில் எது பூச்சிமருந்தைத் தின்கிறது என்று கண்டுபிடிக்க, பூச்சிமருந்தைப் போலவே வேஷம் போட்ட ஒரு மூலக்கூறைச் செய்து உள்ளே விடுகிறோம். ப்ரோப் என்போம். வேலை செய்கிற நொதி அதை மருந்து என்று நினைத்துக் கடிக்கும், கடித்தால் விட முடியாது, ஒட்டிக்கொள்ளும். ப்ரோப்பின் வாலில் ஒளிரும் சாயத்தைப் பிறகு கோத்துவிட்டால், கடித்தது யார் என்று வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். வேகவைத்த நொதிக்கு உயிர் கிடையாது, கடிக்காது, ஒளிராது. ஆனால், இந்த ஆனாலில்தான் நான் ஐந்து நாளாகச் செத்துக்கொண்டிருக்கிறேன், வேகவைத்தால் புரதம் குலைந்து உள்ளே மடங்கிக் கிடந்ததெல்லாம் வெளியே வந்துவிடும், அப்போது ப்ரோப் கண்ட இடத்தில் போய் அப்பிக்கொள்ளவும் கூடும். அப்படி அப்பினால் வெந்த தடம் ஒளிரும், உயிர்த்த தடம் இருட்டாக இருக்கும். அப்படியென்றால் அது நொதியே இல்லை, வெறும் ஒட்டல். என் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாம் எண் புரதம் எந்த மருந்தையும் தின்னவில்லை என்று அர்த்தம். ஆறு வருஷத்தில் நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான்.

அன்றைக்கு மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் இரண்டு மணிக்குத்தான் வரும், ஜெனரேட்டர் ஃப்ரீஸர்களுக்கு மட்டும். அதனால் ஏழு மணிக்கே வந்துவிட்டேன், ஏழரைக்குள் ஜெல்லை ஓடவிட்டால் எட்டே முக்காலுக்குப் படம் எடுத்துவிடலாம் என்று கணக்கு. முந்தின நாளே ப்ரோப் சேர்த்து சாயமும் கோத்து வைத்தாயிற்று. வெந்த குழாயில் இலேசாகக் கலங்கியிருந்தது, அது நன்றாக நினைவிருக்கிறது, வலது கைப் பக்கம், சன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். கலங்கல் இருந்தவரை குழப்பமே கிடையாது. பிறகு இரண்டிலும் நீலக் கரைசலை ஊற்ற வேண்டும், ஊற்றி ஐந்து நிமிடம் இரண்டையும் சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டும், ஜெல்லில் ஏற்றுவதற்கு முன் எல்லாக் குழாய்க்கும் அதுதான் விதி. வெந்ததும் வேகாததும் அதோடு ஒன்றாகிவிடும், இரண்டும் நீலம், இரண்டும் தெளிவு. அதற்குப் பிறகு எது எது என்று சொல்ல மூடியில் மார்க்கரால் எழுதியது ஒன்றுதான் சாட்சி. நாங்கள் எல்லோருமே மூடியில்தான் எழுதுவோம். குழாயின் உடம்பில் எழுதினால் கொதிநீரில் அழிந்துவிடுகிறது, மூடியில் எழுதினால் மேலிருந்து பார்க்கச் சுலபம். திருகு மூடி. கழற்றினால் குழாய் வேறு, பெயர் வேறு. அதனால் ஒரு நேரத்தில் ஒரு மூடிதான் கழற்ற வேண்டும், முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு நானே இதைப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். நீலத்தை ஊற்றினேன். போன் அடித்தது.

ரீகன். "ஏட்டி, சிலிண்டர்காரன் வந்துட்டான், உன் போனுக்கு ஓடிபி வந்திருக்காம், சொல்லு." கையில் கையுறை, காதுக்கும் தோளுக்கும் நடுவே போன், மெசேஜைத் திறக்க ஒரு கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தேன். ஏழு நாலு ஒன்று இரண்டு. அவர் "ஏழு நாலு?" என்றார், நான் "ஒண்ணு ரெண்டு" என்றேன், "ஒண்ணா ரெண்டா?" என்றார், "ஒண்ணு, அப்புறம் ரெண்டு" என்று கத்தினேன். இந்த நாலு எண்ணும் சாகிறவரை எனக்கு மறக்காது போலிருக்கிறது. ஆனால் போன் அடித்தபோது மேஜைமேல் ஒரு மூடி கிடந்ததா, இரண்டு மூடி கிடந்ததா என்பது மறந்துவிட்டது. இது என்ன மூளை? சிலிண்டர் போட்டுவிட்டுப் போனவனுக்கே அந்த எண் அன்று மத்தியானம் மறந்திருக்கும். கண்ணை மூடிப் பார்க்கிறேன். டிஷ்யூ தாள் தெரிகிறது, அதன்மேல் மூடி கவிழ்ந்து கிடக்கிறது, உட்புறம் மேலே பார்க்க, எழுத்து கீழே. ஒன்று. இல்லை, பக்கத்தில் இன்னொன்று. அந்த இன்னொன்று அன்றைக்குக் கிடந்ததா, இந்த ஐந்து நாளில் நானாகப் போட்டுக்கொண்டதா? எத்தனை தடவை பார்க்கிறேனோ அத்தனை தடவையும் அது கொஞ்சம் தெளிவாகிறது, தெளிவாக ஆக எனக்கு நம்பிக்கை குறைகிறது.

திங்கட்கிழமைவரை நான் நிம்மதியாக இருந்தேன். திங்கட்கிழமை வேறு ஏதோ சில்லறைச் சோதனைக்கு நீலம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்த நூருல் அமீன் நின்றான். இரண்டு வருஷம் எனக்கு ஜூனியர், மேலப்பாளையத்துக்காரன், கண் கொள்ளிக் கண். "என்னக்கா, ரெண்டையும் ஒண்ணா திறந்து வச்சிருக்கிய? மாறிட்டுன்னா?" என்றான். பார்த்தால் டிஷ்யூவில் இரண்டு மூடி. நான் எப்போது கழற்றினேன் என்றே எனக்குத் தெரியவில்லை. "ஏதோ ஞாபகத்துல இருந்துட்டேன்" என்றேன். "நீங்க எப்பவும் இப்படித்தானக்கா செய்விய" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எப்பவும். அவன் விளையாட்டாகச் சொன்னானா, நிஜமாகவே பார்த்திருக்கிறானா? கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்துதான் கேட்கவில்லை, வேறு காரணமெல்லாம் பிறகு நானே சோடித்துக்கொண்டது. அன்று ராத்திரியிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

பெட்டியைத் தூக்கிப் பார்க்கிறேன். நீலக்கோடு பாதிகூட வரவில்லை. மணி பதினொன்று இருபது. இப்படித் தூக்கித் தூக்கிப் பார்த்தால் சாயம் வெளுக்கும், ஜெசிந்தா, கையை வைத்துக்கொண்டு சும்மா இரு. இன்றைக்கு எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். புதுப் புரதம், முந்தாநாள்தான் சுத்திகரித்தது. மூடியிலும் எழுதினேன், குழாயிலும் எழுதி மேலே செல்லோடேப் ஒட்டினேன், போனை ஆஃப் செய்து பையில் போட்டேன், ஒன்றைத் திருகி மூடி ஸ்டாண்டில் வைத்த பிறகே இன்னொன்றைத் தொட்டேன், ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னேன், இடது உயிர், வலது வெந்தது. ஜெபமாலை உருட்டுகிறவள்போல் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியிருந்தும் இப்போது உட்கார்ந்து யோசித்தால் இடது எது என்று ஒரு வினாடி தட்டுகிறது. என் பக்கமிருந்து இடதா, தொட்டியின் முகப்பிலிருந்து இடதா? என் பக்கமிருந்து. நோட்டில் படம் வரைந்திருக்கிறேன், அம்புக்குறிகூடப் போட்டிருக்கிறேன். நோட்டைத் திறந்து பார்த்தேன். அம்புக்குறி இருக்கிறது. மூடினேன். மறுபடி திறந்து பார்த்தேன்.

முதல் இரண்டு தடவை உயிர்த்த புரதம் ஒளிர்ந்ததே, அது எப்படி? அதுவும் நான்தான் ஓட்டினேன். மங்கலாக ஒளிர்ந்தது. மங்கல் என்று அப்போது சொல்லவில்லை, தெளிவு என்றோம். அப்போது வெந்த குழாயே வைக்கவில்லை, கட்டுரையைப் பரிசீலித்த முகம் தெரியாத ஆள் ஒருவர் கேட்ட பிறகுதான் வைத்தோம். அந்தப் பழைய புரதம் நாலு மாதம் ஃப்ரீஸரில் கிடந்தது, எடுத்து உருக்குவதும் திரும்ப உறையவைப்பதுமாக எத்தனை தடவை! கொஞ்சம் தானாகவே குலைந்து போயிருந்தால்? குலைந்த பாகம்தான் மங்கலாக ஒளிர்ந்தது என்றால்? ஐயோ, இது பொருந்துகிறது. பொருந்தக் கூடாது. பொருந்துகிற எல்லாமும் உண்மையாகிவிடுமா? விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மண் எடுக்கப் போனபோது சீனியம்மாள் என்று ஒரு பெண், அவர் காட்டு மண்தான் அது, பருத்திக்கு நடுவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று கேட்டார், "குருண மருந்து நாப்பது நாள் மண்ணுல நிக்கணும்கான் கடைக்காரன், எங்க காட்டுல பத்து நாள்ல போயிருதே, எதுதான் திங்கி?" கண்டுபிடித்துச் சொல்கிறேன் அக்கா என்றேன். போன மாதம் போனில் சொல்லியும் விட்டேன். கண்டுபிடிச்சாச்சு அக்கா என்று. அவர் "நல்லது தாயி, இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை, அதைக்கூடச் சந்தோஷத்தில் கவனிக்கவில்லை. ஏதோ ஒன்று தின்னத்தான் செய்கிறது. மருந்து போவது நிஜம். ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு இல்லையென்றால் மற்ற இரண்டாயிரத்தில் எதுவோ, அதை யார் தேடுவது, எந்த வருஷத்தில்? என் நீட்டிப்பு இந்த மாதத்தோடு முடிகிறது, இனி நீட்டிப்பு கிடையாது என்று கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கட்டுரை போனால்தான் ஆய்வேடு, ஆய்வேடு கொடுத்தால்தான் பட்டம். இல்லையென்றால் பதிவு ரத்து. முப்பத்தாறு வயதில், ஆறு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டால், ஜெல் ஓட்டினேன் என்று சொல்ல வேண்டும்.

நாலு மணிவரை பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. யார் சொன்னது ஓட்டச் சொல்லி? நல்லபடி வந்துவிட்டால் இந்த ஐந்து நாளையும் துடைத்துப் போட்டுவிட்டு மத்தியானம் நன்றாகச் சாப்பிடுவேன். மாறி வந்தால்? மாறி வந்தால் இன்றைக்குத்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஐந்து நாளாகத் தூங்காதவள், கை தடுமாறியிருக்கும். இதை நினைத்ததும் சட்டென்று நெஞ்சு இலேசாகிறது. ஆகிறதா? ஆகிறது, பார். உடனே அந்த இலேசு பிடிக்கவில்லை. நல்லபடி வந்தால் இன்று சரி, மாறி வந்தால் இன்று தப்பு என்றால் பிறகு எதற்கு இந்த ஜெல்? பெட்டியைக் கவிழ்த்து வைத்து உள்ளே என்னவென்று பார்க்காமலே நாலு மணிக்கு வீட்டுக்குப் போகலாம். நான் உண்மையைத் தேடுகிறேனா, சாக்குத் தேடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தலை வலிக்கிறது. டீ குடித்தால் தேவலை, எழுந்து போனால் நான் இல்லாத நேரத்தில் யாராவது வந்து பெட்டியைத் தூக்கிவிட்டால்? அந்தப் பயமும் பொய்தான், எனக்கு இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கால் வரவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு நீலக்கோடு அடியைத் தொட்டது. மின்சாரத்தை நிறுத்தி, தகடுகளைப் பிரித்து, ஜெல்லை நனைத்த கையுறையில் ஏந்தி ஸ்கேனரில் விரித்தேன். ஜெல்லின் மூலையில் அடையாளத்துக்கு ஒரு வெட்டு, வெட்டு இருக்கும் பக்கம் இடது. அதைச் சரியாக வைத்தேன், பிறகு சரியாக வைத்தேனா என்று குனிந்து பார்த்தேன். மூடியைச் சாத்திப் பட்டனை அழுத்தும்போது மேடம் உள்ளே வந்தார். கையில் கண்ணாடி, நெற்றியில் வியர்வை, காலையிலிருந்து கட்டுரையோடு மல்லுக்கு நின்ற முகம். "என்னம்மா ஓட்டிட்டிருக்க?" என்றார். வாயில் சும்மாதான் என்று வந்தது. "நாலாவது படத்தத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன் மேடம்" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மேடம் என் பின்னால் வந்து நின்றார். திரையில் படம் மேலிருந்து கீழாக வரிவரியாக ஏறியது. ஓரத்தில் எடை காட்டும் அளவுகோல் புரதங்கள் வந்தன. எழுபது, ஐம்பது. என் புரதத்தின் எடையான முப்பத்தெட்டுக்குப் பக்கத்தில் வலது தடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை, பளிச்சென்று, கண் கூசுகிற வெளிச்சம். இடது பக்கம் அதே உயரத்தில் ஒன்றுமில்லை.



"லேன் மாத்தி ஏத்திட்ட போலிருக்கே ஜெசிந்தா," என்றார் மேடம். திட்டவில்லை, மெல்லத்தான் சொன்னார், எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிற மாதிரி. "இந்த வாரம் பூரா உன் மூஞ்சியே சரியில்ல. இன்னைக்கு மாறிருக்கும்."

ஆமாம் மேடம் என்றால் போதும். இரண்டே வார்த்தை. காலையிலிருந்து எதைக் கேட்டாலும் தெரியவில்லை தெரியவில்லை என்று சுழன்றுகொண்டிருந்த தலைக்குள் அந்த நிமிடம் ஒரு சந்தேகமும் இல்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். பயம் அப்படியே இருந்தது. குழப்பத்தைக் காணோம்.

"இன்னைக்கு மாறல மேடம். அன்னைக்குத்தான் மாத்திட்டேன். ரெண்டு மூடியும் ஒண்ணாத் திறந்திருந்தேன், போன் வந்துச்சு."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார், நோட்டில் அம்புக்குறியைப் பார்த்தார். "நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

"உன் நீட்டிப்பு இந்த மாசத்தோட முடியுது."

"ஆமா மேடம்."

சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு இன்னும் டைம் இருக்கு. மிச்ச சாம்பிள வச்சு இன்னொரு தடவ வேணா ஓட்டுறியா?"

ஓட்டலாம். ஜெல் கைவசம் இருந்தது, மூன்றரைக்கு முடிந்துவிடும். மேடம் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், அப்படியும் கண் நிறைந்து திரையில் அந்த வெளிச்சம் கலங்கிப் பெரிதாகத் தெரிந்தது.

"ஓட்டுதேன் மேடம். ஆனா இதேதான் வரும்."